மூக்கில் அடிக்கும் டிப்ரஷன் மருந்து: எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மார்ச் 9, 2025 (கேள்வி)

என் அக்காவுக்கு நான்கு வருடமாக டிப்ரஷன். மூன்று விதமான மாத்திரை மாற்றியாயிற்று. ஒவ்வொன்றும் முதலில் கொஞ்சம் கேட்பது போல இருக்கும், அப்புறம் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறாள். இப்போது டாக்டர் எஸ்கெட்டமின் என்ற மூக்கு ஸ்ப்ரேயைச் சொல்கிறார். தேடினால் அது மயக்க மருந்து, போதைக்கு எடுக்கிறார்கள் என்றெல்லாம் வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் பயம். நிஜமாகவே வேலை செய்யுமா?

மார்ச் 9, இரவு (பதில்)

நாளை மறுநாள் எனக்கு முதல் முறை. இப்போதைக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், மீதியைப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

மயக்க மருந்து என்பது உண்மைதான். கெட்டமினை 1962இல் கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். 1970இல் அமெரிக்காவில் அறுவை சிகிச்சை மயக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. மயக்கத்துக்குத் தருவதைவிட மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் மனச்சோர்வு தணிகிறது என்பதை 2000இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஒரு சின்ன ஆய்வு காட்டியது. 2006இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் கார்லோஸ் சராட்டே குழுவினர் 18 பேரை வைத்துப் பார்த்தார்கள். ரத்தக்குழாய் வழியே ஒரே ஒரு முறை. மறுநாள், மருந்து பெற்றவர்களில் 71 சதவீதம் பேருக்கு நன்றாகக் குறைந்திருந்தது. ஒரு வாரம் கழித்து அந்தப் பலன் நீடித்தது 35 சதவீதம் பேருக்கு. இரண்டு எண்களையும் சேர்த்தே படியுங்கள். பலர் முதல் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

எஸ்கெட்டமின் என்பது கெட்டமினில் ஒரு பாதி. ஸ்ப்ராவாட்டோ என்ற பெயரில் 2019 மார்ச்சில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதித்தது.

போதை பற்றிய பயம் நியாயமானதுதான். கெட்டமினைத் தவறாக எடுப்பவர்கள் உண்டு. அதிக அளவில் நீண்ட நாள் எடுப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பையே கெட்டுப்போகிறது. அதனால்தான் ஸ்ப்ராவாட்டோவைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதில்லை. மருத்துவமனையில், ஆள் பார்த்துக்கொண்டிருக்க, நாமே அடித்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 10

ஒன்றை விட்டுவிட்டேன். உங்கள் அக்காவின் பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். என் டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான். குறைந்தது இரண்டு மருந்துகளை, போதுமான அளவில், போதுமான நாள் எடுத்தும் பலனில்லை என்றால்தான் மாத்திரை கேட்காத வகை மனச்சோர்வு என்று கணக்கு. நான் நான்கு மருந்து தோற்றுவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சீட்டைப் பார்த்தால், ஒன்றை மூன்று வாரத்திலேயே குமட்டல் தாங்காமல் நிறுத்தியிருக்கிறேன். இன்னொன்றில் ஆரம்ப டோஸைத் தாண்டவே இல்லை. ஆக, தோற்றவை இரண்டுதான். அதோடு தைராய்டு, தூக்கத்தில் மூச்சுத் தடை, இருதுருவக் கோளாறு எல்லாவற்றையும் பார்த்த பிறகே ஸ்ப்ரே பேச்சு வந்தது. எரிச்சலாக இருந்தது அப்போது. இப்போது அந்த டாக்டர் மேல் மரியாதை.

மாத்திரை கேட்காமல் போவது அரிதல்ல என்பதையும் உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள். ஸ்டார்-டி என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் முதல் மருந்தில் நோய்க்குறிகள் அநேகமாக நீங்கியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மூன்றாவது, நான்காவது மருந்துக்கு வந்தவர்களில் 13, 14 சதவீதம்தான். இதை முன்பே தெரிந்திருந்தால் என்னையே இவ்வளவு திட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

மார்ச் 11, இரவு

போய் வந்தேன். தம்பி கூட வந்தான்.

சாய்வு நாற்காலி. முதலில் பிரஷர் பார்த்தார்கள். மூக்கைச் சிந்தச் சொன்னார்கள், ஒரே ஒரு முறை, அதற்கப்புறம் சிந்தக் கூடாது. ஒரு கருவியில் 28 மில்லிகிராம், இரண்டு மூக்குத் துளைக்கும் ஒவ்வொரு அடி. ஐந்து நிமிடம் தலையைச் சாய்த்துக் காத்திருந்து அடுத்த கருவி. இன்று இரண்டு, 56 மில்லிகிராம். தொண்டைக்குள் இறங்கும் கசப்பைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அது வெறும் கசப்பு இல்லை, நாக்கின் அடிவேர் வரை போய் உட்கார்ந்துகொள்கிற கசப்பு.

பத்து நிமிடத்தில் உதடு மரத்தது. அப்புறம் என் கைகள் தூரத்தில் போய்விட்டன. மடியில்தான் இருக்கின்றன, ஆனால் வேறு யாருடைய கைகளையோ பார்ப்பது மாதிரி. சுவர்க் கடிகாரத்தின் ஒவ்வொரு டிக்கும் தனித்தனியாக ஒரு நீளத்துடன் வந்தது. பயம் வந்தது. நர்ஸ் என் பெயரைச் சொல்லி, "மருந்துதாம்மா, இறங்கிடும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

40 நிமிடத்தில் மறுபடி பிரஷர், மேல் எண் 128இல் இருந்து 151க்கு ஏறியிருந்தது. பிறகு இறங்கியது. இரண்டு மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். வாந்தி இல்லை. சந்தோஷமும் இல்லை. தூங்கப் போகிறேன்.

மார்ச் 12

நேற்று எழுதியதில் "இரண்டு மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள்" என்பதைப் படித்துவிட்டு, அப்படியானால் மதியமே வேலைக்குப் போகலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முடியாது. இரண்டு மணி நேரம் என்பது கண்காணிப்புக்கான குறைந்தபட்சம். ஒரு இரவு நன்றாகத் தூங்கி எழும் வரை வண்டி ஓட்டக் கூடாது, இயந்திரங்களைத் தொடக் கூடாது, கையெழுத்துப் போடும் முக்கியமான முடிவுகளையும் தள்ளிப்போடுவது நல்லது. வாரத்துக்கு இரண்டு நாள் இப்படிப் போகும். முதல் நான்கு வாரம் வாரம் இரு முறை, அடுத்த நான்கு வாரம் வாரம் ஒரு முறை, அப்புறம் வாரமோ இரண்டு வாரமோ, ஆளைப் பொறுத்து. அழைத்துப்போய் அழைத்துவர ஆள் வேண்டும். மருந்தைவிட இது கடினம் என்று தோன்றுகிறது.

மார்ச் 14

இன்று இரண்டாவது. மூன்று கருவி, 84 மில்லிகிராம்.

"கெட்டமினில் ஒரு பாதி" என்று எழுதியிருந்தேன். அப்படியென்றால் பாதி வீரியமா என்று கேள்வி. என் சொல்தான் சரியில்லை. கெட்டமினில் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு வடிவங்கள் கலந்திருக்கின்றன, இடது கையும் வலது கையும் போல. அதில் ஒரு கையை மட்டும் பிரித்தெடுத்ததுதான் எஸ்கெட்டமின். மூளையில் குளுட்டமேட் என்ற செய்திப்பொருள் வந்து ஒட்டும் என்எம்டிஏ ஏற்பியை இந்தக் கை மற்றதைவிட இறுக்கமாகப் பிடிக்கிறது. வீரியம் குறைவே இல்லை, கூடுதல்.

வழக்கமான மாத்திரைகள் செரட்டோனின் என்ற இன்னொரு செய்திப்பொருளின் பக்கம் வேலை செய்பவை, வாரக்கணக்கில் ஆகும். இது நுழையும் வாசலே வேறு. குளுட்டமேட்டின் ஓட்டத்தை மாற்றி, வாடிப்போன நரம்பிணைப்புகள் மறுபடி துளிர்க்க வழி செய்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள். மனிதருக்குள் முழுக் கதையும் இன்னும் விளங்கிவிடவில்லை.

மார்ச் 21

நான்காவது முடிந்தது. ஒன்றுமில்லை.

மார்ச் 25

வாந்தி. காலையில் தாமதமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனதுதான் காரணம். இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்த வேண்டும், அரை மணி நேரம் முன்பே தண்ணீரை. மூக்கடைப்புக்கு ஏதாவது ஸ்ப்ரே அடிப்பவர்கள் ஒரு மணி நேரம் முன்பே அதை முடித்துவிட வேண்டும்.

இன்று உடலை விட்டு விலகுகிற அந்த உணர்வு மிகக் குறைவு. அதனால் மருந்து குறைவாக ஏறியது என்று வருத்தப்பட்டேன். டாக்டரிடம் கேட்டேன். "அந்த அனுபவம் பக்க விளைவும்மா, சிகிச்சை இல்ல. அது பெரிசா வந்தவங்களுக்குத்தான் குணமாகும்னு இல்ல" என்றார். எனக்கு இது தேவைப்பட்டது. ஒவ்வொரு முறையும் நாற்காலியில் சாய்ந்து ஏதோ தரிசனம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். வராத நாளெல்லாம் தோற்ற நாள் என்று கணக்கு வைத்திருந்தேன்.

ஏப்ரல் 1

ஏழாவது. நேராகச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு வேலை செய்யவில்லை.

உங்கள் அக்காவுக்காக, இந்த எண்களையும் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதிக்கு அடிப்படையான ஆய்வுகளில் ஒன்று டிரான்ஸ்ஃபார்ம்-2. எல்லோருக்கும் ஒரு புது மாத்திரை, அதோடு ஒரு பிரிவுக்கு நிஜ ஸ்ப்ரே, இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத ஸ்ப்ரே. சுவையில் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று அதிலும் கசப்புச் சேர்த்திருந்தார்கள். 28 நாளில் நோயின் கடுமை பாதிக்கும் கீழே இறங்கியவர்கள் நிஜ ஸ்ப்ரேயில் 69 சதவீதம், மற்றதில் 52 சதவீதம். வித்தியாசம் உண்டு, ஆனால் செய்திகளில் வருகிற அளவுக்கு இல்லை. வேறு இரண்டு குறுகிய கால ஆய்வுகளில் புள்ளியியல் கணக்கில் வித்தியாசம் தேறவே இல்லை. அதில் ஒன்று 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வைத்து நடந்தது.

அந்த மருந்தில்லாத ஸ்ப்ரேக்காரர்களில் பாதிப் பேருக்கு எப்படிக் குறைந்தது? புது மாத்திரை ஒரு காரணம். வாரம் இரு முறை எழுந்து, குளித்து, ஒருவர் துணையோடு ஓரிடத்துக்குப் போய், நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒருவர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் இருப்பதும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு அதுவும் உதவவில்லை.

ஏப்ரல் 2

நேற்று எழுதியதை அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அழிக்கவில்லை, இருக்கட்டும்.

இன்று தம்பியிடம், நான்கு வாரம் உன் வேலையெல்லாம் கெட்டது, நிறுத்திவிடலாம் என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "அக்கா, போன வெள்ளிக்கிழமை வண்டியில வரும்போது என் முதுகுவலி எப்படி இருக்குன்னு கேட்ட. ஞாபகம் இருக்கா?" என்றான். இல்லை. "ரெண்டு வருஷமா நீ என்னை எதுவுமே கேட்டதில்ல. நான் கேட்பேன், நீ பதில் சொல்லுவ. அவ்வளவுதான். அன்னைக்குத்தான் நீயா கேட்ட."

எனக்குப் பேச்சு வரவில்லை.

அவனுக்கு முதுகுவலி இருக்கிறது என்பது எனக்கு எப்போது தெரிந்தது என்றுகூட நினைவில்லை. எங்கேயோ கேட்டு, எங்கேயோ கிடந்து, அன்றைக்கு மேலே வந்திருக்கிறது.

ஏப்ரல் 4

எட்டாவது. ஒவ்வொரு வாரமும் ஒன்பது கேள்விப் படிவம் ஒன்றை நிரப்புகிறோம், 27க்கு எத்தனை என்று. இதுவரை எனக்கு எத்தனை என்று நான் கேட்டதே இல்லை. இன்று கேட்டேன். மார்ச் 11இல் 21. இன்று 13.

எட்டு புள்ளி இறங்கியிருக்கிறது, அது எனக்கே தெரியவில்லை. இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஓடிவந்தேன். சந்தோஷம் வருகிறதா என்று உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தேன், அது வரவில்லை. ஆனால் சந்தோஷத்துக்கு முன்னால் வேறு என்னென்னவோ திரும்பி வருகின்றன. அவை நமக்குத் தெரிவதில்லை, கூட இருப்பவருக்குத்தான் தெரிகின்றன. இங்கே எழுதியதையே திரும்பப் படித்தேன். மார்ச் 21இல் இரண்டே வாக்கியம். ஏப்ரல் 1இல் வேலை செய்யவில்லை என்று சொல்ல அவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன், ஆய்வெல்லாம் தேடி. மார்ச் 21இல் இருந்த நான் அதைச் செய்திருக்க முடியாது.

ஏப்ரல் 20

இப்போது வாரம் ஒரு முறை.

"சிகிச்சைக்கு இணங்காத மனச்சோர்வு" என்று என் கோப்பில் எழுதியிருக்கிறது. இந்தச் சொல் என்னை உறுத்துகிறது. யார் யாருக்கு இணங்கவில்லை? குமட்டலில் நிறுத்திய ஒன்றைத் தவிர எல்லா மாத்திரையையும் நேரத்துக்குப் போட்டேன். எடை கூடினேன், வாய் உலர்ந்தது, தூக்கம் கெட்டது, போட்டேன். இணங்காமல் போனது மருந்துதான். "மருந்துக்கு மசியாத" என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அதுவும் நோயாளியைப் பிடிவாதக்காரி ஆக்குகிறது. "மருந்து எட்டாத" என்று சொல்லிப் பார்த்தேன். எட்டாதது மருந்தின் கை. எனக்கு இது பிடித்திருக்கிறது.

மே 6

மூன்று கேள்விகள் சேர்ந்துவிட்டன.

மாத்திரையை நிறுத்திவிடலாமா: 2019இல் வாய்வழி மாத்திரையோடு சேர்த்துத்தான் ஸ்ப்ரேக்கு அனுமதி தந்தார்கள். 2025 ஜனவரியில் தனியாகவும் தரலாம் என்று அமெரிக்காவில் அனுமதி வந்திருக்கிறது. நான் இன்னும் மாத்திரையோடுதான் இருக்கிறேன். தானாக நிறுத்த வேண்டாம்.

மின் அதிர்வு சிகிச்சையைவிட நல்லதா: 2023இல் வெளியான ஒரு ஆய்வு கெட்டமினையும் மின் அதிர்வையும் நேருக்கு நேர் பார்த்தது. பலன் கெட்டமினில் 55 சதவீதம் பேருக்கு, மின் அதிர்வில் 41 சதவீதம் பேருக்கு. ஆனால் அது ரத்தக்குழாய் வழிக் கெட்டமின், இந்த ஸ்ப்ரே இல்லை. மனப்பிரமை உள்ளவர்களை அதில் சேர்க்கவும் இல்லை. என் உறவினர் ஒருவரை மீட்டது மின் அதிர்வுதான். அதைப் பற்றிக் கேவலமாகப் பேசுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

யாருக்குக் கூடாது: ரத்தக்குழாய்ச் சுவர் பலூன் போலப் புடைத்திருப்பது (அனியூரிசம்), தமனியும் சிரையும் தவறாகப் பின்னிக்கொண்டிருப்பது, மூளையில் ரத்தக் கசிவு வந்த வரலாறு. இவை இருந்தால் பேச்சே இல்லை. பிரஷர் 140/90க்கு மேல் இருந்தால் அன்றைக்குத் தருவதா என்று டாக்டர் யோசிப்பார்.

ஜூன் 15

சறுக்கல். மே நடுவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று மாற்றினார்கள். இரண்டாவது இடைவெளியின் பத்தாவது நாளிலேயே தெரிந்தது. காலையில் கண் திறந்ததும் அந்தப் பழைய கனம் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது. இந்த முறை அதைக் கண்டுபிடித்தது நான். தம்பிக்குத் தெரிவதற்கு முன்பே சொன்னேன்.

மறுபடி வாரம் ஒரு முறைக்கு வந்தாயிற்று. படிவத்தில் 15 ஆனது 10க்கு இறங்கியிருக்கிறது.

இது எத்தனை நாள்? இந்தக் கேள்விதான் இப்போது ராத்திரியில் வருகிறது. சஸ்டெயின்-1 என்ற ஆய்வில், ஸ்ப்ரேயில் நன்றாகக் குணமாகி நிலைத்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். தொடர்ந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. மருந்தில்லாத ஸ்ப்ரேக்கு மாற்றப்பட்டவர்களில் 45 சதவீதம். தொடர்ந்தாலும் நாலில் ஒருவருக்குத் திரும்புகிறது, விட்டாலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்பவில்லை. நான் எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. டாக்டர் ஆறு மாதம் முடிந்ததும் பேசலாம் என்கிறார்.

கனம் குறைவாக இருக்கும் நாட்களை வீணாக்காமல் கவுன்சலிங்கை மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். முன்பு இதே ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறேன். இப்போது சண்டை போடுகிறேன்.

ஜூலை 8

ஒருவர் இரவில் எழுதியிருந்தார். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது, ஸ்ப்ரே கிடைக்கும்வரை தாங்குவேனா தெரியவில்லை என்று. தயவுசெய்து காத்திருக்காதீர்கள். இப்போதே பக்கத்தில் இருக்கும் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள், அவசர சிகிச்சைக்கோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ போங்கள். தற்கொலை எண்ணத்தோடு கூடிய கடும் மனச்சோர்வுக்கும் 2020இல் இந்த ஸ்ப்ரேயை அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் தற்கொலையைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை என்பதை மருந்துக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். மனச்சோர்வு குறையும், அவ்வளவுதான். உங்களைக் காப்பாற்ற மருத்துவமனையும் ஆட்களும் வேண்டும். நான் அந்த இரவுகளில் இருந்திருக்கிறேன். என் தம்பியை எழுப்பிய இரவும் உண்டு. அவன் ஒன்றும் சொல்லவில்லை, விளக்கைப் போட்டுவிட்டு விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

ஜூலை 9

அவர் பதில் எழுதிவிட்டார். மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார், அண்ணன் கூட இருக்கிறார்.

ஜூலை 10

கெட்டமின் கலந்த ஸ்ப்ரேயைத் தயாரித்து வீட்டுக்கே அனுப்புகிறார்களாமே, மலிவாமே என்று கேட்டவருக்கு: வேண்டாம். மனநோய்களுக்கென்று தனியாகக் கலந்து தரப்படும் கெட்டமின் பற்றி 2023 அக்டோபரில் அமெரிக்க மருந்து நிர்வாகமே எச்சரித்தது. என் பிரஷர் முதல் நாளில் 151க்குப் போனபோது பக்கத்தில் ஒரு நர்ஸ் இருந்தார். வீட்டில் யார் இருப்பார்?

ஆகஸ்ட் 3

முதல் கேள்வி கேட்டவர் ஐந்து மாதம் கழித்து வந்திருக்கிறார். அக்காவுக்கு நேற்று இரண்டாவது முறை முடிந்ததாம். வாந்தி எடுத்தாளாம், அழுதாளாம், ஒரு மாற்றமும் இல்லை, இனி வரமாட்டேன் என்கிறாளாம்.

அழுதது பற்றிப் பயப்பட வேண்டாம், எனக்கும் மூன்றாவது முறை அழுகை வந்தது, எதற்கென்று தெரியாமல். இங்கே எழுத வெட்கமாக இருந்தது, அதனால் விட்டுவிட்டேன். வாந்திக்கு முன்கூட்டியே ஒரு மாத்திரை தரச் சொல்லிக் கேளுங்கள், தருவார்கள். வெளிச்சம் படாமல் கண்ணுக்கு ஒரு துணி எடுத்துப் போங்கள். அவர் கேட்கும் பாட்டு ஏதாவது இருந்தால் சொற்கள் இல்லாமல் வாத்தியம் மட்டும் வைத்துப் பாருங்கள். எனக்குச் சொற்கள் அந்த நேரத்தில் பெரிதாகி மிரட்டின.

வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். முடிவு அவருடையது. எட்டாவது முறை வரை பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா என்று மட்டும் கேளுங்கள். அதற்குள் "எப்படி இருக்கிறது, தெரிகிறதா" என்று அவரைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம், அவருக்குத் தெரியாது. ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ராத்திரியும் இரண்டு வரி, மறுநாளைக்குத் தள்ளினால் மறந்துவிடும். எத்தனை மணிக்கு எழுந்தார், தலை வாரினாரா, எதற்காவது கோபப்பட்டாரா. உங்களை ஏதாவது கேட்டாரா என்பதையும் எழுதுங்கள்.